தொட்டிக்குச் சோறு

அந்தத் தொழிற்சாலையின் பின்பக்கம் ஒரு பெரிய பச்சைத் தொட்டி இருந்தது. கேன்டீனில் மிஞ்சுகிற சாப்பாட்டை அதில் கொட்டினால் எரிவாயு வரும், அதில்தான் சமையல். உற்பத்தி ஏறுகிறது, கரிப்புகை இறங்குகிறது என்று மேனேஜர் கலர் கலராகப் படம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார். பழைய சமையல்காரர் இருந்தவரை தொட்டிக்குத் தீனி குறைந்ததே இல்லை. மனிதரின் கைப்பக்குவம் அப்படி.

அவர் ஓய்வு பெற்றதும் சமையல்காரம்மா வந்தாள். ஆறு மாதம் ஒழுங்காகச் சமைத்தால் வேலை நிரந்தரம். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடி ஓடிச் சமைத்துச் சலித்தவள், இதை விட்டுவிடக் கூடாது என்று உயிரைக் கொடுத்துச் சமைத்தாள். "அக்கா, இன்னொரு கரண்டி!" என்று தொழிலாளர்கள் தட்டை வழித்துத் துடைத்தார்கள். தொட்டி பட்டினி கிடந்தது. அடுப்பு இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. பின்வாசல் வழியாகத் திருட்டுத்தனமாக சிலிண்டர் வந்து இறங்கியது.

மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"ஏம்மா, இப்படியா சமைப்பீங்க?"

"ஏன் சார், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குறதுதாம்மா தொல்லை! தொட்டிக்குப் பணம் குடுத்தவங்க அடுத்த மாசம் பாக்க வர்றாங்க. அடுப்பு எரியலன்னா என் மானம் போயிடும், உங்க வேலையும் போயிடும். அதுவரைக்கும் கொஞ்சம் மோசமா சமைங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலை முன்னால் நின்று வெந்துவிட்டு வருகிறவர்களுக்கு எந்த மனசோடு வேகாத காயைப் போடுவது? வேலையை விடவும் முடியாது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் அவள் பார்வை மாடிப்படி மேல் போனது. மாடியில் ஆபீஸ்காரர்களுக்குத் தனிப் பந்தி. ஆள் எண்ணிக்கைக்கும் குறைவில்லை. மோசமாகச் சமைக்கச் சொன்னாரே தவிர, யாருக்கு என்று சொல்லவில்லையே!

அன்றிலிருந்து இரண்டு அடுப்பு, இரண்டு சமையல். கீழே வழக்கம் போல. மேலே உப்புச் சப்பில்லாத பருப்பு, கடக்கு முடக்கென்ற காய், களியாகக் குழைந்த சோறு. மாடித் தட்டுகள் போன மாதிரியே திரும்பி வந்தன. தொட்டி கொழுத்தது. மேனேஜர் விழுங்கவும் முடியாமல், உத்தரவு தன்னுடையது என்று சொல்லவும் முடியாமல் தவித்தார்.

விருந்தினர்கள் வந்த நாளில் அடுப்பு நீலமாகச் சீறி எரிந்தது. தலைமை தாங்கி வந்த அம்மாள் அசந்துபோனாள்.

"இவ்வளவும் மிச்ச சாப்பாட்டுலயா?"

"ஆமாங்கம்மா. எல்லாம் ஆபீஸ் சாருங்க தயவு," என்றாள் சமையல்காரம்மா, முகத்தில் பால் வடிய.

"பிரமாதம்! இன்னொரு தொட்டிக்கும் பணம் தர்றோம். இந்த அம்மாவ மட்டும் விட்டுடாதீங்க, மேனேஜர்."

அங்கேயே நிரந்தர உத்தரவில் மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் கீழே தொழிலாளர் வரிசையின் கடைசியில் ஒருவர் தட்டோடு தலையைக் குனிந்து நின்றார். சமையல்காரம்மா பார்த்ததும் கண்டுகொண்டாள்.

"வாங்க சார்," என்று தட்டு நிறையப் பரிமாறினாள். "ஆனா இந்த வரிசையில சாப்பிட்டா மிச்சம் வைக்க மனசு வராது. ரெண்டாவது தொட்டிக்கு யார் தீனி போடுவாங்க?"

மேனேஜர் வாயில் சோற்றோடு மாடியைக் கை காட்டினார்.