ஹார்லன் ரிட்ஜ் மைதானத்தில் அரையடி

ஓர்வில் ட்வீட்டன் நாற்பத்து நான்கு ஆண்டுகளாக ஹார்லன் ரிட்ஜ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் சங்கிலி பிடிப்பவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறியதா என்று அளக்கும், இரு முனையிலும் கம்பு உள்ள சங்கிலி அது. பிடிப்பவர்கள் எப்போதும் உள்ளூர் ஆட்கள்தான்.

எண்பதுகளில் அந்த மைதானத்தின் பேரைக் கேட்டாலே வெளியூர் அணிகளுக்குப் பயம். பத்து ஆட்டத்தில் எட்டு ஹார்லன் ரிட்ஜுக்குத்தான். இப்போது ஐந்து தேறினாலே பெரிது.

இந்த ஆண்டு புதிதாக வந்த கோச் கர்ட்டிஸ் போம், மாணவனாக எதிரணிக்கு ஆடி, எண்பத்தெட்டில் இங்கேயே தோற்றுப் போனவர். ஒரு வியாழக்கிழமை காப்பிக் கடையில் ஓர்விலின் எதிரே வந்து உட்கார்ந்து, அந்தப் பயமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார்.

ஓர்வில் நிதானமாகச் சொன்னார். அப்போது பனியில் ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து விறைத்துப்போய் இறங்குவார்கள். இப்போது முதல் நாளே வந்து நல்ல ஹோட்டலில் தூங்குகிறார்கள். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் கைச் சைகையிலேயே பேசிக்கொள்கிறார்கள். நடுவர் தப்பு செய்தால் கேமரா காட்டிக்கொடுத்துவிடுகிறது.

"நடுவரும் மனுஷன்தானே கோச். ஆறாயிரம் பேர் கத்துனா கை தானா நம்ம பக்கம் சாயும்."

கோச் சிரித்தார். "சங்கிலி மட்டும் மாறல, இல்ல?"

ஓர்வில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. எண்பத்தெட்டில், கடைசி நிமிடத்தில், நான்காவது முயற்சியில் போம் பாய்ந்து விழுந்தார். அளந்து பார்த்தபோது நாலு விரல் குறைந்தது. ஆட்டம் கைவிட்டுப் போயிற்று.

"நீங்க தாண்டிட்டீங்க கோச். நான்தான் கம்பை அரையடி தள்ளி நட்டிருந்தேன்."

போம் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அன்று ஆட்டம் பார்க்க வந்த தன் அப்பா, இன்னும் கொஞ்சம் எட்டிப் பாய்ந்திருக்கலாமே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இனி சங்கிலியைத் தொடுவதில்லை என்றார் ஓர்வில்.

"அது உங்க இஷ்டம். முதல்ல எங்க அம்மாகிட்ட சொல்லுங்க" என்று போம் போனைப் போட்டு நீட்டினார்.

ஓர்வில் எழுந்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் போமின் அம்மா, எண்பத்தாறு வயது லொரெய்ன், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரியா நட்டிருந்தா இவன் ஜெயிச்சிருப்பானா?"

"தெரியலம்மா. கோல் கோட்டுக்கு இன்னும் பதினோரு கஜம் இருந்துச்சு."

"அப்ப அங்க கோட்டை விட்டிருப்பான். அவங்கப்பா அதையும் சொல்லிக்காட்டியிருப்பார்."

பக்கத்திலிருந்த போமுக்கும் அது கேட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்; சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஓர்விலின் தோளைத் தொடாமல், கையும் குலுக்காமல், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

சனிக்கிழமை ஓர்வில் முதல் முறையாக மனைவியோடு ரசிகர்கள் நடுவே உட்கார்ந்தார். சங்கிலி பிடிப்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் இத்தனை வருடமும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்று கத்தித் தீர்த்தார். ஹார்லன் ரிட்ஜ் மூன்று புள்ளியில் தோற்றது. திங்கட்கிழமை வரை அவருக்குத் தொண்டை திறக்கவில்லை.