தோழர் வைரக்கண்ணுவின் இரண்டாவது முதல் திருமணம்

அந்த மக்கள் குடியரசில் வரலாற்று நூலின் ஒரு வரியைத் திருத்தினால், மை காய்வதற்குள் நடந்தவையும் அதற்கேற்பத் திருந்திக்கொள்ளும். முப்பத்தோரு வருடங்களாக அந்த வேலையைச் செய்துவந்தவர் தோழர் வைரக்கண்ணு.

நாட்டின் வரலாற்றை ஏழு தொகுதிகளாக எழுதியவர் அவர். அரசின் மேல் அவருக்கிருந்த பற்றில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பஞ்சம் வந்த ஆண்டை அமோக விளைச்சல் ஆண்டு என்று அவர் மாற்றியெழுதிய அன்று, ஊரில் பாதிப் பேருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிற்று. தலைவர் உயரமானவர் என்று எழுதியபோது எல்லா அலுவலகங்களிலும் வாசல் நிலைகள் ஒரு முழம் உயர்ந்தன. தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தச்சர்கள் மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள்.

ஒரு புதன்கிழமை ஆணை வந்தது. மாநாட்டில் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது முன்னாள் வேளாண் அமைச்சர் மாசிலாமணி கொட்டாவி விட்டிருந்தார். அவரைப் பிறப்பிலிருந்தே நீக்கிவிட வேண்டும்.

வைரக்கண்ணுவுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. அவருக்கும் செண்பகவல்லிக்கும் மாசிலாமணி தலைமையில்தான் திருமணம் நடந்தது. உறுதிமொழி சொல்லிக்கொடுத்தது, மாலையை எடுத்து நீட்டியது எல்லாம் அவர்தான். அவர் இல்லையென்றால் திருமணமும் இல்லை.

வைரக்கண்ணு துறைத்தலைவி தோழர் நாச்சியாரிடம் போய், அந்த ஒரு பிற்பகலை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். நாச்சியார் கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"ஒருத்தர் ஆயுசுல ஒரே ஒரு மத்தியானம் மட்டும் இருந்தாருன்னு எழுதினா படிக்கிறவங்க நம்புவாங்களா, தோழர்?"

யோசித்துப் பார்த்ததில் அது நல்ல வரலாறாக இருக்காது என்று அவருக்கும் பட்டது. பிள்ளைகள் இல்லாததால் திருத்தம் சுலபம் என்று நாச்சியார் கோப்பில் ஒரு குறிப்பும் எழுதினார்.

அன்று மாலை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்த செண்பகவல்லி எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறவள்.

"எத்தனை மணிக்கு அவர் பேரை அடிக்கப் போறீங்க?"

"நாளைக்கு மூணு மணிக்கு."

"அப்ப காலையிலேயே உங்க சட்டையெல்லாம் துவைச்சுடறேன்" என்றாள். மறுநாள் காலை துவைக்கப் பன்னிரண்டு சட்டைகள் இருந்தன. கழுத்துப்பட்டை ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் நெடுநேரம் தேய்த்தாள். அவர் கொல்லைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனார்.

மூன்று மணிக்கு மாசிலாமணியை அடித்தார். மூன்றே காலுக்கு எழுத்தாளர் சங்கத்தின் திருமணமாகாதோர் விடுதி அறைச் சாவி அவர் பையில் இருந்தது. வரலாற்றாசிரியர்களுக்கு மட்டும் இரண்டு பதிப்புகளும் நினைவில் இருக்கும். அந்தச் சிரமத்துக்காக அரசு அவர்களுக்கு ஆண்டுக்கொரு கம்பளிப் போர்வை வழங்கியது.

ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். செண்பகவல்லி கதவைத் திறந்து, யார் வேண்டும் என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் உட்காரச் சொன்னாள். அவருடைய மூன்றாம் தொகுதியைப் படித்திருக்கிறாளாம்.

"அதுல நெல்லு ரொம்ப இருக்கு, தோழர். மனுஷங்கதான் யாரையும் காணோம்."

இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவள் அதைச் சொன்னதே இல்லை. அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. அதனாலேயே அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும்.

அவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் பழைய பதிப்பின் சான்றுகளைப் புதிய பதிப்பில் காட்டுவது முறையல்ல என்று அடக்கிக்கொண்டார். ஒருமுறை மட்டும், அவள் கண்ணாடியைத் தேடத் தொடங்குமுன் அரிசி டப்பாவின் பின்னாலிருந்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் அதை மாட்டிக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒரு சம்சாரம் இருந்தாங்களா?"

"இருந்தா."

"ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

"அவ போகல. நான்தான் அடிச்சுட்டேன். ஒரு வியாழக்கிழமை, பேனாவால."

அவள் தலையசைத்தாள். தொலைபேசி நிலையத்திலும் அப்படித் தங்கள் கல்யாணம் அடிக்கப்பட்டதாகப் பின்னால் கேள்விப்பட்ட இரண்டு பேர் இருந்தார்கள். தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கே இன்னொரு ஆணை வந்தா?"

வைரக்கண்ணு வாழ்நாளில் அரசுக்கு எதிராக ஒரு சொல் சொன்னதில்லை. இப்போதும் அப்படி ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"அடிச்சுடுவேன்" என்றார். "அந்த ஞாயித்துக்கிழமையே வந்து கதவைத் தட்டுவேன்."

"எத்தனை தடவைதான் தட்டுவீங்க?"

"அதுக்கு ஆணை எதுவும் இல்லை."

அவள் எழுந்து போய் இன்னொரு தேநீர் கொண்டுவந்தாள். அதுதான் சம்மதம் என்று புரிந்துகொள்ள அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

திருமணத்துக்கு யாரைத் தலைமை தாங்க அழைப்பது என்று துறையைக் கேட்டார்கள். எந்தக் கருத்தும் இல்லாத ஒருவராக இருந்தால் பின்னால் தொந்தரவு இராது என்று நாச்சியார் பதில் எழுதி, நகராட்சிச் செங்கல் சூளையின் புகைபோக்கியைப் பரிந்துரைத்தார்.

புகைபோக்கி பேருந்தில் வந்தது. திருமணம் நடந்த அலுவலகத்தின் வாசல் உயரமாக இருந்தும் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது. தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்து, உறுதிமொழியை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தது. வாழ்த்துரை சுருக்கமாக, நன்றாக இருந்தது. பந்தியில் அதற்கு இரண்டாம் முறையும் பாயசம் வேண்டியிருந்தது. செண்பகவல்லி நாற்காலி மேல் ஏறி நின்று ஊற்றினாள்.