ரொட்டிகளின் எண்ணிக்கை மாறவில்லை

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பதுளையில் ஓர் அலுவலகத்துக்காகத் தானிய, எண்ணெய்வித்துச் சந்தை அறிக்கையொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். சோளம்: வரத்து கூடும், விலை இறங்கும். சோயா: நிலையாக இருக்கும். தேங்காய்: தட்டுப்பாடு தொடரும். மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் இந்த வரி வந்தது: "தோட்டக் குடும்பங்களின் கோதுமை மாத் தேவை விலையேற்றத்தால் பாதிக்கப்படவில்லை, எனவே சலுகை விலை மாவைத் தொடர்வது மீள்பரிசீலிக்கப்பட வேண்டும்."

பாதிக்கப்படவில்லையாம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்த வரியைப் பிழையில்லாத தமிழில் எழுதிக் கொடுக்கத்தானா போனேன்? கணினியை மூடிவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன்.

2.
முதல் தொடக்கம்: லுணுகலை மலைகளில் பனி இறங்கும் காலைப்பொழுதில், கூடை சுமந்த பெண்கள் வரிசையாக—

வேண்டாம். பனி பார்க்க எல்லவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எழுதட்டும் அதை.

இரண்டாவது: பாக்கியலெட்சுமி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு—

இதுவும் பொய். கணக்கெடுக்க டேப் கணினியும் கையுமாக வந்து நிற்கிறவளுக்கு முன்னால் எங்கள் லயத்தில் யாரும் அழமாட்டார்கள்.

3.
ஞாயிறு பின்னேரம். கணக்கெடுக்க வந்த ஜெயந்தினி, பாக்கியலெட்சுமியின் வாசலில் நிற்கிறாள். பசறைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை, மூன்று மாத ஒப்பந்தம். சலுகை மா தொடர்வதும் நிற்பதும் இந்தக் கணக்கைப் பொறுத்தது என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தன ரொட்டி?"

"மூணு."

"போன வருசம்?"

"அப்பவும் மூணுதான். எம் புள்ளைங்களுக்கு நா என்னைக்குக் கொறச்சேன்?"

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து வேலாயி தலையை நீட்டினாள். "மூணுதான் தங்கச்சி. காத்தடிச்சா மட்டும் கெட்டியா புடிச்சுக்கணும், பறந்துரும்!"

"ஒன்னைய யாருடி கேட்டா? ஒன் அடுப்பப் பாரு!"

ஜெயந்தினியின் கண் உள்ளே போனது. அடுப்பருகே, உடம்பெல்லாம் மா பூசிய ஒரு சோடாப் போத்தல் கிடந்தது.

[போத்தலைப் பற்றி: தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியைக் கையால்தான் தட்டுவோம், விரல் தடிப்புக்கு நிற்கும். தேங்காய் விலை ஏறியதும் பூ போனது. மா விலை ஏறியதும் போத்தல் வந்தது. சின்ன உருண்டையைப் பழைய அகலத்துக்கு உருட்டினால் எண்ணிக்கை குறையாது. எந்தப் பிள்ளையும் "எனக்கு ஒண்ணு கம்மி" என்று கேட்காது.]

ஜெயந்தினி மூன்று, மூன்று என்று தட்டினாள். "மாற்றமில்லை" என்று டேப் தானாகவே பச்சை காட்டியது. கடைசியில் ஒரு கட்டம் மட்டும் மிச்சம்: வேறு குறிப்புகள்.

"அக்கா, ரொட்டி மெலிஞ்சிருச்சுன்னு இதுல எழுதவா? எழுதாட்டி மாவ நிப்பாட்டிருவாங்க."

"எழுதாத."

"மாவு வேணாமாக்கா?"

"வேணும். யாரு வேணாங்குறா? வேல செய்யுறேன், குடுக்கணும். அதுக்கு எம் புள்ள வயித்தத் தொறந்து காட்டணுமா? பாக்கியலெட்சுமி புள்ளைங்க அர வயித்தோட பள்ளிக்கூடம் போவுதுன்னு நாளைக்கு வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக் களத்துலயே பேசுவாளுக."

"நா யாருகிட்டயும் சொல்லமாட்டேங்க்கா."

"நீ சொல்லமாட்ட. நீ எழுதுனது சொல்லும்."

4.
இங்கே நான் கொஞ்சம் கத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே அறிக்கையில் ஒரு கோழி நாளொன்றுக்கு எத்தனை கிராம் சோளம் தின்னும் என்று இருக்கிறது. கோழியின் தீனியை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாக்கியலெட்சுமி பறிக்கும் கொழுந்தையும் நிறுக்கிறார்கள், ஈரத்துக்கென்று கழித்தும் விடுகிறார்கள். அவள் பிள்ளை தின்னும் ரொட்டியை நிறுக்க மட்டும் தராசு இல்லை. எண்ணினால் போதுமாம். எண்ணிவிட்டு, பாதிப்பு இருந்தால் தாயே தன் வாயால் சொல்லட்டும் என்று கீழே ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்!

5.
முடிவுகள்.

(அ) ஜெயந்தினி களவாக எழுதுகிறாள். மா தொடர்கிறது. அந்த வாசலில் அவளை இனி யாரும் "வா" என்று கூப்பிடமாட்டார்கள்.

(ஆ) எழுதவில்லை. மா நிற்கிறது. உருண்டை இன்னும் சிறுக்கிறது.

(இ) பாக்கியலெட்சுமி சூடாக ஒரு ரொட்டியை நீட்டி, "தின்னு பாத்துட்டு எழுது" என்கிறாள். அழகான முடிவு. அடித்துவிட்டேன். ஜெயந்தினி தின்றால் வீட்டில் யாருக்கோ ஒன்று குறையும்.

(ஈ) ஜெயந்தினி வேலையைத் தூக்கியெறிந்துவிட்டு—

எறிந்தால் திங்கட்கிழமை வேறொருத்தி வருவாள், அதே டேப்போடு.

எனக்கு முடிக்கத் தெரியவில்லை. தெரியாது என்பதைவிட, முடிக்க வேண்டியவள் நானில்லை என்பதுதான் சரி. டேப்பை உங்கள் கையில் தருகிறேன். கட்டம் திறந்திருக்கிறது. பாக்கியலெட்சுமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்க்கிறாள், பக்கத்தில் வேலாயியும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் அதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.