அரிசி களைந்த தண்ணீர்

சன்னிவேலில் ஜலஜா ஆன்ட்டி வீட்டுப் பின் அறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். என் லேபுக்கு நடந்தே போய்விடலாம். நான் வந்த முதல் வருடம், புல்தரையை எடுத்துவிட்ட இடத்தில் விரல் நீளக் குச்சி ஒன்றை நட்டேன். ஃப்ளவரிங் கரன்ட். கலிஃபோர்னியா மலைச்சரிவுகளில் தானாக வளரும் புதர். மூன்றாம் வருடம் என் தோள் உயரம் வந்தது. பிப்ரவரியில் கிளையெங்கும் இளஞ்சிவப்புக் கொத்துகள். தேன்சிட்டுகள் அதற்காகச் சண்டை போட்டன.

மார்ச்சில் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் குழு ஒன்று வந்தது. பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள்.

"குச்சியிலேர்ந்து நானே வளர்த்தேன். டெய்லி இதோட பேசுவேன்," என்றார் ஆன்ட்டி.

நான் ஜூஸ் தட்டோடு நின்றிருந்தேன்.

"இது கயல், நம்ம டெனன்ட். ரொம்ப ஷை. செடி கூட பதில் சொல்லும், இவ சொல்ல மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்தவரிடம் ஜூஸை நீட்டினேன்.

ஏப்ரலில் ஆன்ட்டி, தன் மகனின் மாமியார் வருகிறார், அறை வேண்டும் என்றார். இரண்டு வாரம் கொடுத்தார். செடியைத் தோண்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"என்னம்மா இது, வீட்டுச் செடியை யாராவது பேத்துட்டுப் போவாங்களா?"

ஜூலையில் அவரே போன் செய்தார்.

"கயல், அந்த பிங்க் பூச்செடி இலையெல்லாம் கொட்டுதும்மா. அடுத்த வருஷமும் டூருக்கு ஓகே சொல்லித் தொலைச்சிட்டேன். தண்ணி பத்தலையோ?"

அதற்கு ஒன்றுமில்லை. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். மழை வந்ததும் துளிர்க்கும். அந்த வெயிலில் வேரில் தினமும் ஈரம் நின்றால்தான் அழுகும். வேர் பிடித்த பிறகு கோடையில் நான் அதற்குச் சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை.

"இருக்கலாம் ஆன்ட்டி," என்றேன்.

"அதான் நெனச்சேன்! அரிசி களைஞ்ச தண்ணி ரெண்டு வேளையும் சிங்க்ல வீணாப் போகுது. எவ்ளோ சத்து! இனிமே அதை ஊத்தறேன்."

"சரி ஆன்ட்டி."

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கிளை நுனியில் நாலு பச்சை இலை. 'பாத்தியா, நம்ம ஊர் வைத்தியம்!'

நான் அடித்தண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மண் கறுத்து ஊறியிருந்தது. இப்போது நிறுத்தினால் பிழைக்கும். 'போதும், ஊத்தாதீங்க' என்று அடித்தேன். மார்ச்சில் எல்லோரும் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. அடித்ததை அழித்துவிட்டு, 'சூப்பர் ஆன்ட்டி' என்று அனுப்பினேன்.

அக்டோபரில் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். போனேன். தண்டை நகத்தால் சுரண்டினேன். பச்சையே இல்லை. லேசாக இழுத்ததும் செடியே வேரோடு கையில் வந்துவிட்டது.

"ஐயோ, மார்ச்ல முப்பது பேர் வராங்களே! உன்கிட்ட வேற கன்னு இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி."

"ஒண்ணு வளர்த்துக் குடேன், கண்ணு."

"நர்சரில சாண் ஒசரக் கன்னுதான் கிடைக்கும். இந்த அளவுக்கு வர மூணு வருஷம் ஆகும்."

அவர் முகம் சுருங்குவதை நின்று பார்த்தேன். பிறகு பஸ் ஏறினேன். விரல்களில் அழுகிய வேரின் நாற்றம். என் புது அறைக்குப் போய்ச் சேரும்வரை துடைக்கவில்லை.