பன்றி ரூபாய்

தசரதன் இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. போன் செய்தால் அவர் மனைவி செல்லியம்மாள் எடுத்து, "தூங்கினு கீறாரும்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். மூன்றாவது தடவை, பகல் பதினோரு மணிக்கும் அதே பதில் வந்தபோது கிருபாவுக்குச் சந்தேகம் தட்டியது.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சேலையூரில் ஒரு சர்ச் ஹாலின் மாடியறையில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பழைய வெள்ளி நாணயம் சேர்க்கிறவர்கள் பதினோரு பேர் கூடுவார்கள். மேசைமேல் நீல வெல்வெட் துணி விரித்திருக்கும். ஆளுக்கொரு நாணயம் அதில் வைத்து, ஒவ்வொன்றாகக் கைமாற்றிப் பார்ப்பார்கள். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. யார் எங்கே நல்ல காசு பார்த்தார், யார் எந்த வியாபாரியிடம் ஏமாந்தார் என்று பேச்சு மத்தியானம் வரை போகும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஏசுதாசன் எல்லோருக்கும் லெமன் சாதம் வாங்கி வருவார்.

அந்தப் பதினோரு பேரில் பெண் கிருபா ஒருத்திதான். பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்பது வருடத்துக்கு முன், ஆராதனை முடிந்து பைபிளும் நாணய ஆல்பமும் ஒரே பையில் வைத்துக்கொண்டு முதல் தடவை அந்த மாடிப்படி ஏறியபோது, உள்ளே இருந்தவர்கள் அவள் யாரையோ தேடி வந்திருப்பதாக நினைத்தார்கள். தசரதன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க டீச்சரம்மா. இன்னா கொண்டாந்துகிறீங்க, காட்டுங்க."

பீர்க்கன்கரணையில் பரம்பரை நிலக்காரர் அவர். நிலமெல்லாம் வாடகை வீடுகளாக மாறிவிட்டது. வாடகை வருகிறது, வேலை இல்லை, அதனால் காசு தேடிக்கொண்டு அலைந்தார். பத்தாவது தாண்டாதவர். ஆனால் நாணயத்தைத் திருப்பிப் பார்க்காமலே எந்த வருடத்தது, எந்த ஊர் டங்கசாலையில் அடித்தது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் விக்டோரியா ராணி ரூபாயைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்தார். தசரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நூறு வருசமா காத்து பட்டு படிஞ்ச கருப்புய்யா அது. அத்த எடுத்துட்டா இன்னா கீது? வெறும் வெள்ளி" என்றார்.

அவரிடம் இருந்தவற்றில் கிருபாவுக்கு ஒன்றின்மேல்தான் கண். ஐந்தாம் ஜார்ஜின் 1911-ஆம் வருடத்து ரூபாய். ராஜாவின் அங்கியில் பொறித்த யானையின் தும்பிக்கை குட்டையாகிப் போய், பார்ப்பதற்குப் பன்றி மாதிரி ஆகிவிட்டது. ஜனங்கள் கோபப்பட்டார்கள். அரசாங்கம் திரும்பப் பெற்று உருக்கி, அடுத்த வருடம் யானையைத் திருத்தி அடித்தது. தப்பித்ததைப் பன்றி ரூபாய் என்பார்கள். குன்றத்தூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்காரரின் சுருக்குப்பையில் அவளும் தசரதனும் சேர்ந்து துழாவியபோது அது வந்தது. அவர் விரல் முந்திவிட்டது. முதலில் யார் கை படுகிறதோ அவருக்கு என்பது கூட்டத்தில் எழுதாத சட்டம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு வருடம் தவறாமல் அவள் பிறந்தநாள் வரும் மாதத்துக் கூட்டத்தில் தசரதன் அதைக் கொண்டுவந்து, "இந்தாங்க டீச்சரம்மா, கூட்டம் முடியற வரைக்கும் ஒங்களுது" என்று அவள் முன்னால் வைப்பார்.

ஏசுதாசனைக் கூட்டிக்கொண்டு கிருபா பீர்க்கன்கரணைக்குப் போனாள். செல்லியம்மாள் கதவைத் திறந்து, இருவரையும் பார்த்துவிட்டு, பின்பக்கம் அழைத்துப் போனாள்.

குழாயடியில் மணைக்கட்டை போட்டுத் தசரதன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரைத்த புளி, பாத்திரம் தேய்க்கிற பவுடர், தேங்காய் நார். காலடியில் ஒரு தாம்பாளம். அதில் முப்பது நாற்பது ரூபாய் நாணயங்கள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. கையில் இருந்ததை நாரால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அண்ணா!" கிருபா தன்னை மறந்து கத்திவிட்டாள்.

அவர் நிமிர்ந்து சிரித்தார். "வாங்க வாங்க. பாத்தீங்களா எப்டி கீது? இவ்ளோ நாளா அழுக்கா வெச்சினு இருந்தேன், ஒருத்தனும் சொல்லல."

ஏசுதாசன் குனிந்து தாம்பாளத்தில் இருந்து ஒன்றை எடுத்தார். வழக்கம்போல விளிம்பைப் பிடித்தே எடுத்தார். பார்த்துவிட்டு அப்படியே வைத்தார்.

சமையலறையில் டீ போட்டபடி செல்லியம்மாள் சொன்னாள். ஞாபகம் போகிற வியாதி. பெரிய டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி கூடுமே தவிரக் குறையாது என்றார். பேரன் பேர் மறந்துவிட்டது. இரண்டு தடவை வீட்டை விட்டு நடந்து, ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்கு நடுவில் நின்றிருக்கிறார். ஒருநாள் பூஜை விளக்கைத் தேய்க்கும்போது கூட வந்து உட்கார்ந்தவர், அதிலிருந்து காசைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"இத்த தேய்க்கறப்ப மட்டும்தாம்மா ஒரு எடத்துல ஒக்கார்றாரு. அப்பதான் நான் சோறாக்கறேன், குளிக்கறேன். கெட்டுப்போவுதுன்னு எனக்கும் தெரியும். நான் இன்னா பண்ண?"

பெரிய பீரோவில் இருந்த நல்ல ஆல்பத்தை அவர் இன்னும் தொடவில்லை. அதை மட்டுமாவது காப்பாற்ற வேண்டும் என்றாள் கிருபா. மேடவாக்கத்தில் இருக்கும் அவர்கள் மகன் முகிலனுக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். "நீங்களே எடுத்துட்டுப் போங்க ஆன்ட்டி, உங்ககிட்ட இருந்தா பத்திரம்" என்றான். என்னென்ன எடுத்தோம் என்று எழுதி, செல்லியம்மாளிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு ஆல்பத்தைக் கொண்டுவந்தாள்.

அன்று வீட்டில் அவள் அதைத் திறந்து 1911-ஐப் பார்த்தாள். தசரதனுக்காகத்தான் எடுத்து வந்தோமா என்ற கேள்வி வந்தது. ஆமாம் என்று உடனே சொல்ல முடியவில்லை. மூடி அலமாரியில் வைத்தாள்.

விஷயத்தைக் கேட்ட கூட்டத்தார் ஒருவர் விடாமல் உதவினார்கள். தசரதன் தேய்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே. தேய்ந்து போனவை, ஓட்டை போட்டவை, காசுமாலையில் இருந்து கழன்று, கோக்கிற வளையம் ஒட்டிக்கொண்டிருந்தவை என்று ஆளுக்குப் பத்து பதினைந்து கொடுத்தார்கள். சிட்லபாக்கத்தில் இருந்து பட்டாபிராமன் பஸ்ஸில் ஒரு பால் டப்பா நிறையக் கொண்டுவந்தார். ஏசுதாசன் அதையெல்லாம் குழாயடியில் கொட்டியபோது தசரதனுக்கு ஒரே சந்தோஷம். "அப்பா, எவ்ளோ வேலை கீது!" என்றார். கிருபாவும் அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாவது வாரம், ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. செல்லியம்மாள் அழுதாள்.

"டீச்சரம்மா, அத்த கொண்டாந்துடுங்க. பன்னி எங்க, என் பன்னி எங்கன்னு நேத்துலேர்ந்து கத்தறாரு. ஒரு வாய் சாப்புடல. பீரோவக் கவுத்துட்டாரு. நான் திருடிட்டேன்றாரு. புடிச்சுத் தள்ளிட்டாரும்மா."

ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி ஆல்பத்தை எடுத்தாள். கிளம்பும்போது, தன்னுடைய வரிசையில் இருந்து ஒரு 1912 ரூபாயையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். ராஜா ஒன்றுதான். அங்கி ஒன்றுதான். ஞாபகம் போனவருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? இரும்புலியூர் பாலத்தில் ஆட்டோ அரை மணி நேரம் நின்றது. அவ்வளவு நேரமும் இதையே தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வாசலில் செல்லியம்மாள் நெற்றியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே துணிமணியெல்லாம் தரையில் கிடந்தது. தசரதன் நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்தாங்க. கிடைச்சிடுச்சு" என்று 1912-ஐ நீட்டினாள்.

அவர் வாங்கினார். கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலை ராஜாவின் மார்பில் வைத்து மெதுவாகத் தடவினார். பிறகு திருப்பி அவள் கையிலேயே வைத்தார்.

"இது யானை. என்னுது பன்னி." அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீயா எடுத்துகினே?"

கிருபாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஆமாண்ணா. நான்தான் எடுத்துட்டுப் போனேன். மன்னிச்சிடுங்க."

ஆல்பத்தைத் திறந்து 1911-ஐ எடுத்து நீட்டினாள். அதைத் தடவியதும் அவர் முகம் மாறியது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"இதான். குன்றத்தூர்ல எடுத்தது. அன்னிக்கு கூட ஒரு டீச்சரம்மா வந்துது. அதுக்கு இதும்மேல ரொம்ப ஆசை, வாய தொறந்து கேக்காது. குடுத்துடலாம்னு ஒவ்வொரு வாட்டியும் எடுத்துனு போவேன். மனசு வராது. திரும்பி எடுத்துனு வந்துடுவேன்." சிரித்தார். "நல்ல பொண்ணு அது. நீ பாத்துகிறியா அத்த?"

"பாத்திருக்கேன்" என்றாள் கிருபா.

அவர் எழுந்து பின்பக்கம் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். மணைக்கட்டையில் உட்கார்ந்து, நாரைப் புளியில் தோய்த்து, பவுடரைத் தொட்டுக்கொண்டார்.

"அண்ணா, அது மட்டும் வேணாம்ணா. அத விட்டுடுங்க. இத தேய்ங்க." 1912-ஐ மறுபடி நீட்டினாள். கையைப் பிடித்தாள். வயதான கைதான், ஆனால் ஒரே உதறலில் விடுவித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தாள். செல்லியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உடுங்கம்மா" என்று உதடு மட்டும் அசைந்தது.

நார் ராஜாவின் முகத்தில் வட்டமாகச் சுற்றியது. கருப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. கன்னத்தில், தாடியில், அங்கியின் மடிப்பில் படிந்திருந்ததெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. அவர் ஏதோ முனகியபடி அவசரமே இல்லாமல் தேய்த்தார்.

"கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா" என்றார்.

கிருபா சொம்பை எடுத்து ஊற்றினாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்கு மேலும் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது ஞாயிறுகளில் சர்ச் ஹால் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் பீர்க்கன்கரணைக்குப் போவது என்று முடிவானது. முதல் மாதம் ஒன்பது பேர் வந்து குழாயடியைச் சுற்றி நின்று பேசினார்கள். தசரதனும் தலையாட்டிக் கேட்டார். பொங்கலுக்குப் பிறகு ஐந்து பேர் வந்தார்கள். "பாக்க முடியலம்மா டீச்சர்" என்று பட்டாபிராமன் போனில் சொன்னார். அதில் தப்பில்லை என்று கிருபாவுக்குத் தோன்றியது. பங்குனியில் அவளும் ஏசுதாசனும் மட்டுமே போனார்கள். ஆல்பத்தில் இருந்த மற்ற காசுகளையும் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கித் தேய்த்துவிட்டார். அந்த 1911-ல் யானையும் இல்லை, பன்றியும் இல்லை. ராஜாவின் மூக்குகூட மழுங்கிவிட்டது.

சித்திரையில் போனபோது குழாயடி காய்ந்து கிடந்தது. தசரதன் உள்ளறையில் படுத்திருந்தார். பத்து நாளாக எழுந்திருக்கவில்லை, ஊட்டினால் விழுங்குகிறார், அவ்வளவுதான் என்றாள் செல்லியம்மாள். அவள் குளித்து, தலை வாரி, சமைத்து முடித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவள் மாதிரி நின்றாள். காசெல்லாம் ஒரு எவர்சில்வர் தூக்கில் இருந்தது. அதைக் கொண்டுவந்து இருவர் முன்னாலும் வைத்தாள்.

"இத்த இன்னா பண்றது டீச்சரம்மா?"

கிருபா தூக்கின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். ஏசுதாசன்தான், "இருக்கட்டும்மா, அதுலயே இருக்கட்டும்" என்றார்.

பிறகு கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையில் இருந்து அந்த மாதம் கூட்டத்துக்குக் கொண்டுவந்த நாணயத்தை எடுத்தார். "தசரதண்ணா, இது எட்வர்டு. பம்பாய்ல அடிச்சது. போன வாரம் மாம்பலத்துல ஒருத்தர்கிட்ட கிடைச்சுது" என்று சத்தமாகச் சொல்லி, அவர் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. நாணயம் சரிந்து போர்வையில் விழுந்தது. கிருபா அதை எடுத்து, மறுபடி அந்தக் கையில் வைத்து, அவருடைய விரல்களைத் தன் கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டாள். தசரதன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.