முபீன் நீந்தாத கடல்

கட்டாரில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த நாளிலிருந்து முபீனுக்கு அரசியல் ஆவணப்படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். எந்த நாட்டில் எந்தத் தளபதி எந்த ஜனாதிபதியைக் கவிழ்த்தான் என்று சாய்ந்தமருதுச் சந்தியில் நின்று அரை நாள் கதைப்பார். வீட்டுக் குழாய் ஒழுகுவது மட்டும் அவருக்குத் தெரியாது. கட்டிக்கொண்ட பாவத்துக்கு சுல்பிகா அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

சுனாமி அடித்து இருபதாவது வருடம், ஆவணப்படம் எடுக்கும் காரைதீவு பிரசாந் கமெராவோடு வந்தான். வீடிழந்தவர்களுக்கென்று கட்டிய ஐம்பது வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற கட்சிகளின் இழுபறியில் பூட்டியே கிடந்தன. அதைத்தான் படமெடுத்தான். அதில் ஒரு வீடு சுல்பிகாவுக்குக் கிடைக்கவேண்டியது. இவ்வளவு காலமும் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா வீட்டுப் பின்னறையில் காலம் தள்ளியாயிற்று. இப்போது, சுனாமியன்று மூன்று மாதக் குழந்தையாயிருந்த மகள் ஆதிலாவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் நிக்காஹ் ஏது?

கமெராவுக்கு முன்னால் முகம் காட்ட சுல்பிகா சம்மதிக்கவில்லை. சுனாமியன்று நடந்ததை எல்லாம் அறைக்குள் வைத்துப் புருசனுக்குச் சொன்னாள். அவர் முற்றத்துக்குப் போய்க் கமெராவுக்குச் சொன்னார். என்ன சொன்னார் என்பது படம் வந்த பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சொந்தபந்தம் எல்லாம் டீவிக்கு முன்னால் கூடியிருந்தது. பத்தாவது நிமிடம் முபீன் வந்தார். "நான் சிவப்புச் சட்டை போட்ட மூணு மாசப் புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கதவத் திறக்கிறன், தண்ணி நெஞ்சு மட்டும் நிக்கிது..."

சுல்பிகா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்க, அண்டைக்கு நீங்க கட்டாரில இருந்தீங்க எல்லுவா."

"பொறு புள்ள, இனித்தான் நல்ல கட்டம் வருது."

"எனக்கு நடந்தத ஏன் உங்களுக்கு நடந்த மாதிரிச் சென்னீங்க?"

"மனிசி சென்னா, மனிசி சென்னா எண்டு சென்னா எவன் பாப்பான்? பட்டவன் தன்ட வாயால 'நான்' எண்டு செல்லணும். அப்பதான் பாக்கிறவன்ட விரல் அடுத்த படத்துக்குப் போகாது."

எரிச்சல் என்னவென்றால், மனிதர் சொன்னது சரிதான். மச்சிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வளவுக்குள் போக எழும்பிய காக்காகூட எழும்பியபடியே நின்று பார்த்தார். சுல்பிகாவுக்கே ஒரு கணம், இந்த மனிசன் தப்புவாரா என்று நெஞ்சு பதறியது. அப்படிப் பதறியதற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஊரே பார்த்த படத்தைக் வீடு பகிர்ந்து கொடுக்கும் அலுவலகமான காணிக் கந்தோர் மட்டும் பார்க்காமல் விடுமா? மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் கணவர் வெளிநாட்டில் என்றும் மனைவியும் பிள்ளையும் வீட்டில் இருந்ததாகவும் எழுதியிருக்கிறது. படத்தில் கணவர் வேறு விதமாகச் சொல்கிறார். நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

சுல்பிகா பிரசாந்துக்குப் போன் எடுத்தாள். அவன் தலையில் கைவைத்தது குரலிலேயே தெரிந்தது. "கந்தோருக்குக் கடிதம் தாறன் அக்கா. ஆனா அந்த இடத்த வெட்டச் சொல்லாதீங்க. அதில்லாட்டிப் படத்தில ஒண்டுமே இல்ல."

விசாரணைக்குப் போகும் வழியெல்லாம் அவள் புருசனுக்கு ஒன்றைத்தான் சொன்னாள். "பாஸ்போட்டக் குடுங்க. படத்துக்காகச் சென்ன எண்டு செல்லுங்க. பிறகு வாயத் திறக்காதீங்க."

முபீனும் அப்படியே செய்தார். காணி உத்தியோகத்தர் ஒரு பெண். கட்டார் முத்திரையைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு சுல்பிகாவிடம், "நடந்ததை நீங்களே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

இருபது வருடத்தில் அவள் அதை வெளியாளுக்குச் சொன்னதே இல்லை. கதவு பிய்ந்ததைச் சொன்னாள். அலுமாரி மிதந்ததையும், அதன்மேல் ஏறிக் கூரை வளையைப் பிடித்ததையும் சொன்னாள். உத்தியோகத்தரின் பேனை இரண்டு தடவை நின்று, பிறகு எழுதியது.

"ரெண்டு கையாலயும் வளையப் பிடிச்சிருந்தன், மிஸ். புள்ளையப் பிடிக்கக் கையில்ல. அவட சட்டையப் பல்லால கடிச்சிக்கிட்டுத் தொங்கினன். நான் தைச்ச மஞ்சள் சட்டை..."

"மஞ்சள் இல்ல புள்ள," என்றார் முபீன் பக்கத்திலிருந்து. "சிவப்பு."

பேனை நின்றுவிட்டது. உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தி முபீனைப் பார்த்தார்.

"நீங்கள் கட்டாரில் அல்லவா இருந்தீர்கள்? சட்டையின் நிறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முபீன் வாயைத் திறந்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. தன் கண்ணால் கண்டதைச் சொல்லப் போகிறவரின் முகம். அதைக் கண்டதும் சுல்பிகா அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்து நாற்காலியோடு அமர்த்தினாள்.

"அவரு படத்தில பாத்தவரு, மிஸ்," என்றாள். "நீங்க மஞ்சள் எண்டே எழுதுங்க."