நாற்பதாயிரம் பேரின் பிறந்தநாள்

அவள் பதினொரு வருடமாகச் சம்பளமில்லாமல் கட்டிக் காத்த கணினி இயங்குதளம் அது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். பெயரைக்கூடக் கேட்காது. அதில்தான் புதுச் சட்டம் வந்து மூக்கை நுழைத்தது. கணினி வைத்திருப்பவர் பிறந்த தேதியைச் சொல்லியாக வேண்டும். கணினி அந்த வயதை ஒவ்வொரு செயலியிடமும் ஒப்பிக்க வேண்டும்.

வேண்டாவெறுப்பாகத் தேதி கேட்கும் கட்டத்தை எழுதினாள். சோதித்துப் பார்க்க ஒரு தேதி தேவைப்பட்டபோது விரல்கள் தாமாகவே மகனுடையதைத் தட்டின. நான்கு வயதில் காய்ச்சலில் போனவன். அதை அழிக்க மறந்து அப்படியே வெளியிட்டும் விட்டாள்.

உண்மையைச் சொல்லப் பிடிக்காதவர்களுக்குக் கொண்டாட்டம். கட்டத்தில் ஏற்கெனவே ஒரு தேதி இருந்தது. 'அடுத்து' என்று அழுத்திவிட்டுப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்துக் 'கொசு' அழைத்தான். கூட வேலை செய்கிறவன்; காதருகே ஓயாமல் ரீங்காரமிடுவதால் வந்த பெயர். நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, ஒரு செயலிக் கம்பெனிக்காரன் புகார் அனுப்பியிருக்கான். நம்ம ஆளுங்க நாப்பதாயிரம் பேரு ஒரே நாள்ல பொறந்திருக்காங்களாம். எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியான்னு கேக்குறான்."

அவன் சிரித்தான்.

"யாரோட தேதிக்கா அது?"

"சும்மா அடிச்சது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தூக்கிடுங்க. இல்லன்னா நம்மளையே தடை பண்ணிடுவாங்க."

தூக்க ஒரு நிமிடம் போதும். அவளோ நான்கு நாளாகச் சோதனைக் கணினியை அணைத்து அணைத்துத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் திரை சொன்னது: வயது 22. அனுமதி உண்டு. பதினெட்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்லாத கணக்கு. பயமாக இருந்தது. ஆனாலும் மறுபடி திறந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கணவர் சார்ஜரைத் தேடிக்கொண்டு அறைக்குள் வந்தார். திரையில் இருந்த தேதியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது எத்தன பேர்கிட்ட இருக்கு?"

"நாப்பதாயிரம்."

"எடுக்கப்போறியா?"

"எடுத்துத்தான் ஆகணும்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் பார்க்கவே அவள் அந்த வரியை அழித்து, புதுப் பதிப்பை அனுப்பினாள். இரண்டாவது முறையாகப் போகிறான், இந்த முறை தன் கையாலேயே என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கொசுவிடமிருந்து ஒரு இணைப்பு வந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் தாங்கள் இறக்கிவைத்திருந்த பிரதியில் அதே தேதியைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். அதைப் பார்த்து இன்னும் பலர் சேர்த்திருந்தார்கள். கூடவே ஒரு குறிப்பு. அவள் அதைக் கணவருக்கு வாய்விட்டுப் படித்தாள்.

"இந்த ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. இவர் முதுகுக்குப் பின்னாடிதான் நாங்க எல்லாரும் ஒளிஞ்சிருக்கோம். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

இனி அவளே நினைத்தாலும் அழிக்க முடியாது. முன்பின் தெரியாத வீடுகளில் மகன் முப்பதைத் தொடுவான், நரைப்பான், அவள் போன பிறகும் வயது ஏறி ஒருநாள் அவளைவிடவும் மூத்தவனாவான்.

கணவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் அவனுக்கு இருபத்திமூணு," என்றார்.